எனக்கு இல்லை, மச்சானுக்கு

(கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகிற வழியில் சாலையோரப் பூண்டுக் கடை. கீழே படிப்படியாகத் தோட்டம். ஒரு வேன் நிற்கிறது, யாரும் இறங்கவில்லை.)

அக்கா: பதினாலு பேர். கண்ணாடி வழியாக என் கடையைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாதமாக உன் வேன் மட்டும் இப்படி. என்ன சொல்லித் தொலைக்கிறாய் தம்பி?

டிரைவர்: நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் அக்கா.

அக்கா: நான் என்ன சொன்னேன்?

டிரைவர்: அன்றைக்கு மழையில் கத்தினீர்களே, 'போர்டு வைக்கக் காசு இல்லை, உன்னுடைய வாய் விளம்பரத்தைத்தான் நம்பியிருக்கிறேன்' என்று. ஏரியைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிடுவேன். 'வாய்வு உள்ளவர்கள் எல்லாம் அக்கா கடையில் இறங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள்.'

அக்கா: அடப்பாவி! வாய் விளம்பரம் என்றேன். வாங்கினவர் நல்லா இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்வது. நீ வாய்வு விளம்பரம் ஆக்கிவிட்டாயா?

டிரைவர்: மலைப்பூண்டு வாய்வுக்குத்தானே அக்கா?

அக்கா: இருக்கட்டும். பெண்டாட்டி பக்கத்தில், சம்பந்தி பின்சீட்டில். எவன் எழுந்து இறங்குவான்? மலைக்கு வர எடுக்கிற இ-பாஸில் பேரும் வண்டி நம்பரும் கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தார்கள். நீ வாய்வையும் கேட்கிறாய்.

டிரைவர்: போன வாரம் ஒருத்தர் இறங்கினாரே.

அக்கா: இறங்கினார். குழந்தை வேலப்பர் கோயில் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, 'ஒரு கிலோ போடும்மா. எனக்கு இல்லை, மச்சானுக்கு' என்றார்.

(அந்த வேனில்தான் நானும் இருந்தேன். அரைக் கிலோ வாங்கினேன். அப்பாவுக்கு.)

டிரைவர்: இவ்வளவு பேசுகிறீர்கள். டவுனில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினாலே போதும், கமிஷனைக் கையில் வைத்துவிடுவார்கள்.

அக்கா: அதற்குப் பேர் வாய் விளம்பரமா? கை விளம்பரம். 'இந்தக் கடைதான் பெஸ்ட் சார்' என்று நீ சொல்வதை அந்த மனுஷர்கள் உள்ளூர்க்காரன் சொல்கிறான் என்று நம்புகிறார்கள் பார். சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று கட்டிக் கொடுக்கிறார்கள். 2019-இல் நம்ம பூண்டுக்குத்தான், இந்த மண்ணில் விளைந்தது என்கிற புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பது அவன் மூட்டையில்.

டிரைவர்: இரண்டும் பூண்டுதானே?

(அக்கா சின்னதாக ஒரு பல்லை எடுத்து நகத்தால் கீறி அவர் மூக்குக்கு நேராக நீட்டுகிறார். டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர்.)

அக்கா: டவுனில் வாங்கியதை இப்படிக் கீறிப் பார். அழுகை வராது. வீட்டுக்குப் போனபிறகுதான் வரும்.

டிரைவர்: சரி, சரி. நாளையிலிருந்து வாய்வு பற்றி மூச்சு விடமாட்டேன்.

அக்கா: வேண்டாம், விடு. காலையில் பஸ்ஸில் ஒருத்தர் வந்தார். அந்த மச்சானே.

டிரைவர்: வாய்வு என்றாரா?

அக்கா: 'பூண்டு அருமை. இரண்டு கிலோ போடும்மா. எனக்கு இல்லை, மாமாவுக்கு.'

டிரைவர்: ஐயோ!

அக்கா: அடுத்த வாரம் சகலை வருகிறாராம். யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.

டிரைவர்: அப்போ என் விளம்பரம் வேலை செய்திருக்கிறது! எனக்கு ஏதாவது...

(அக்கா ஒரே ஒரு பூண்டை எடுத்து அவர் சட்டைப்பையில் போடுகிறார்.)

டிரைவர்: எனக்கு எதற்கு அக்கா? எனக்கெல்லாம் வாய்வு இல்லை.

அக்கா: அப்புறம் இவ்வளவு நேரம் வந்ததெல்லாம் என்ன?