ராத்திரி ஒரு படம் பார்க்க விடுகிறீர்களா?

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கென்று இருக்கிறது. அதிலும் நான் படம் பார்ப்பதில்லை. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி வால்யூமுக்குக் காவல் காக்கிறேன்.

திரையில் இரண்டு பேர் பேசுகிறார்கள். உதடு அசைகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. வால்யூமை 12-இல் இருந்து 18, அப்புறம் 24 என்று ஏற்றுகிறேன். கொலைகாரன் யார் என்று சொல்லப்போகிறார்கள், காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்கிறேன், டமார்! கார் வெடிக்கிறது. மியூட் பொத்தானைத் தடவித் தேடுவதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறுகிறது, சுவரில் 'தட் தட்' என்று தட்டுகிறார்கள். காலையில் படிக்கட்டில் அந்த வீட்டுப் பெரியவர், "நேத்து சண்டைப் படமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அதற்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"குறைத்து வைத்துப் பார்க்க வேண்டியதுதானே?" என்பார்கள். குறைத்துத்தான் வைக்கிறேன் ஐயா! படத்தின் ஒலியைத் தியேட்டருக்காகக் கலக்குகிறார்கள். அங்கே வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. வசனம், இசை, அதிர்வு என்று தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்த அந்த ஒலித் தடங்களையெல்லாம் வீட்டு டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைத்தால் வசனமும் இசையும் வெடியும் ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. அந்த இரண்டு ஸ்பீக்கராவது நம்மைப் பார்த்து இருக்கிறதா? பெரும்பாலான ஒல்லி டிவிகளில் அடிப்பக்கம், தரையைப் பார்த்து! நான் உட்கார்ந்திருப்பது சோபாவில், வசனம் போவது தரைக்கு.

சுவர் செய்யும் துரோகம் தனி. பேச்சொலியை அது ஓரளவு மறித்துவிடும். தாழ்ந்த அதிர்வெண்ணில் வரும் பேஸ், சுவரையே ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். ஆக, எனக்கு வேண்டிய பேச்சு எனக்கு வருவதில்லை, யாருக்கும் வேண்டாத 'தும் தும்' அடுத்த வீட்டுக் கட்டில் வரை போகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் டிவியை மாட்டியது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். பேஸுக்கென்றே தனியாக வைத்திருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் வயரை இப்போதெல்லாம் ராத்திரியில் பிடுங்கிவிடுகிறேன்.

இதற்கு மருந்து பல டிவிகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். வெடியை அமுக்கி, கிசுகிசுப்பைத் தூக்கிவிடும் வசதி அது. நைட் மோட், ஆட்டோ வால்யூம், டிஆர்சி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். செட்டிங்ஸுக்குள் சவுண்ட், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் இன்னொன்று என்று புதையல் மாதிரி புதைத்து வைத்திருக்கிறார்கள். ஓடிடிக்கு ரிமோட்டில் நான்கு பொத்தான் வைக்கத் தெரிகிறது, இதற்கு ஒன்று வைக்க இடமில்லையாம்!

விளம்பரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் டிவி விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்ற விதி 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சட்டம் போட வேண்டிய அளவுக்கு ஊர் உலகமே கடுப்பாகியிருக்கிறது.

சரி, ஹெட்போன்? காட்சியைவிட ஒலி 125 மில்லி வினாடி பிந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. என் புளூடூத் ஹெட்போன் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. கதாநாயகி வாயை மூடிய பிறகுதான் வசனம் வருகிறது. வயர் ஹெட்போன் மாட்டலாம் என்று டிவியைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஓட்டையே இல்லை.

கடைசியில் மியூட் போட்டு, சப்டைட்டில் வைத்துப் பார்க்கிறேன். தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்! நேற்று திரையின் அடியில் 'பலத்த வெடிச்சத்தம்' என்று எழுத்து வந்தது. சத்தமே இல்லாத டிவிக்கு, கை தானாகப் பாய்ந்து வால்யூமைக் குறைக்கிறது.