லாச்சித் திறப்பு யாரிட்டை இருக்கு?

அம்மா உயிரோடு இருக்கிறார். எனக்கு முன்னால் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணை, அம்மா உயிரோடை இருக்கிறா எண்டதுக்குச் சீல் குத்தவேணும். சீல் லாச்சிக்கை. லாச்சித் திறப்பு மிஸ்ஸிட்டை. மிஸ் இண்டைக்கு லீவு" என்று ஒரு மனிதனால் சிரிக்காமல் சொல்ல முடியும் என்று இன்று காலைவரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். நீங்களும் போயிருப்பீர்கள். காற்றாடி சுற்றுகிற பக்கத்தில் பைல்கள் இருக்கும், சுற்றாத பக்கத்தில் நாங்கள் இருப்போம்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. தான் இன்னும் சாகவில்லை என்று பென்சனுக்காக வருடா வருடம் காட்டவேண்டும். அதில் எனக்குக் கோபமில்லை. செத்தவர் பெயரில் காசு எடுத்துத் தின்றவன் எவனாவது இருந்திருப்பான். 8.40க்குப் போனோம், 9.15க்குக் கையெழுத்தே விழுந்துவிட்டது. வைக்கவேண்டியவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், "சுகமா இருக்கிறியளோ ரீச்சர்?" என்றார், வைத்தார். கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். "அடுத்த மேசையிலை சீலைக் குத்திக்கொண்டு போங்கோ" என்று ஒரு வார்த்தை சேர்த்தார் பாருங்கள்.

இனி ஆறுதலாகச் சொல்கிறேன். நானும் ஆறுதலாகத்தான் அனுபவித்தேன்.

அடுத்த மேசையில் ஆள் இல்லை. ஒரு கோப்பை, அதில் காய்ந்துபோன தேத்தண்ணி. பதினைந்து நிமிடம் கழித்து ஒரு தம்பி வந்தார். கடிதத்தை வாங்கி வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை, அதையும் கவனமாகத்தான் வாசித்தார். பிறகுதான் மேலே சொன்ன அந்தத் தீர்ப்பு.

"வேறை ஆரும் திறக்க ஏலாதோ தம்பி?"

"ஏலாது அண்ணை. அது அவவின்ரை பொறுப்பு."

"அவவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கலாமோ?"

"லீவிலை நிக்கிறவைக்கு எப்பிடி அண்ணை எடுக்கிறது?"

எவ்வளவு பண்பான பிள்ளை!

"அப்ப சேரைக் கேளுங்கோவன்."

"சேர் கூட்டத்துக்குப் போட்டார்."

"கூட்டம் எப்ப முடியும்?"

"சேர் வந்தாத் தெரியும்."

நான் அந்த லாச்சியைப் பார்த்தேன். பழைய பலகை மேசை. பூட்டுக்கு மேலே எந்த வருடத்துக் கலண்டரில் இருந்தோ வெட்டி ஒட்டிய பிள்ளையார். லாச்சிக்கும் மேசைப் பலகைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. குனிந்து பார்த்தால் உள்ளே மைப்பெட்டி தெரிகிறது. சத்தியமாகத் தெரிகிறது, ஊதா நிறம். பக்கத்திலேயே சீலின் மரப்பிடியும் தெரிகிறது. "அண்ணை, அங்காலை இருங்கோ" என்றார் தம்பி. போய் இருந்தேன். அம்மா தும்மினார். உயிரோடு இருப்பதற்கு அதையாவது அத்தாட்சியாக எடுத்திருக்கலாம்.

எங்களுக்கு முன் வாங்கில் இரண்டு ஐயாமார் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். காணி, பொலிஸ் அதிகாரம் இல்லாத பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் வெறுங்கோது என்றார் ஒருவர். 1987இல் தந்த அந்தக் கோதையும் எங்கே முழுதாக வைத்திருக்கிறார்கள், 2006இல் நீதிமன்றத்தால் வடக்கையும் கிழக்கையும் பிரித்தாயிற்று, 2013இல் வரிசையில் நின்று வோட்டுப் போட்டு ஒரு மாகாண சபையைப் பிடித்தோம், 2018இல் காலம் முடிந்ததோடு அதுவும் போயிற்று, பிறகு ஆளுநர் ஆட்சிதானே என்றார் மற்றவர். எல்லாம் நியாயமான பேச்சு. மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த இருவரும் எழும்பிக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் லாச்சி இருந்தது. கொழும்பில் பூட்டிக்கிடப்பதைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். மூக்குக்கு முன்னால் பூட்டிக்கிடப்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லைத்தான்.

இவ்வளவுக்கும் இது சாதாரண ஊரா? 1961இல் இதே யாழ்ப்பாணத்தில் சனம் கச்சேரி, அதுதான் அரசாங்க அதிபரின் கந்தோர், வாசலை மறித்துச் சத்தியாக்கிரகம் இருந்தது. நிர்வாகமே படுத்துவிட்டது. போதாததற்குச் சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி, தமிழரசு முத்திரை என்று அடித்து விற்றார்கள். அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு, தலைவர்களைப் பிடித்து அடைத்துத்தான் அதை நிறுத்தியது. அரசாங்கத்துக்கே போட்டியாக முத்திரை வெளியிட்ட ஊர் ஐயா இது. இன்றைக்கு ஒரு மிஸ் லீவு என்றால் ஒரு முத்திரை குத்த வழியில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் டைக் துரை என்று ஒரு அரசாங்க ஏஜண்டர் இருந்தார். ஏறக்குறைய 40 வருடம் இங்கே ஆட்சி நடத்தியவர், வடக்கின் ராசா என்றே பெயர் எடுத்தவர். அவர் வைத்த தோட்டம்தான் இன்றைய பழைய பூங்கா. ஒரே ராசா என்றால் யாரிடம் போய் அழவேண்டும் என்றாவது தெரியும். அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானையார் என்று ஒரு வரிசை. வாழைக்குலையோடு எந்தப் படலைக்குப் போவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திராது. 1963இல் விதானையார் முறையை ஒழித்துக் கிராம சேவகர் என்றார்கள். சேவகர்! அம்மா இன்னமும் விதானையார் என்றுதான் சொல்லுவார். நானும் பல தடவை திருத்தியிருக்கிறேன். இனித் திருத்தமாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு படித்த தம்பி நியாயம் கதைப்பார் என்று எனக்குத் தெரியும். 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துவிட்டதே அண்ணை, எழுதிக் கேளுங்கோவன் என்பார். கேட்கலாம். "மேற்படி லாச்சியின் திறப்பு தற்போது எங்கே உள்ளது?" என்று எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். விண்ணப்பம் கிடைத்தது என்று உடனே எழுத்தில் ஒரு துண்டும் தரவேண்டும். அந்தத் துண்டில் என்ன குத்தவேண்டும்? அது எங்கே இருக்கிறது?

சரி, கதைக்கு வருவோம். 11.50க்கு ஒரு வெள்ளை வாகனம் வாசலில் நின்றது. வெள்ளை நீளக்கைச் சேட்டோடு ஒருவர் இறங்கி வந்தார். வரிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் தம்பி எழும்பி நின்றார். அந்தப் பிள்ளைக்கு முழங்கால் மடங்கி நிமிரும் என்பதே மூன்று மணித்தியாலத்தில் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வந்தவருடைய பேப்பரை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார், ஒரு பழைய பிஸ்கட் ரின்னோடு திரும்பி வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே, பேப்பர் துண்டில் சுற்றி, இன்னொரு சீல்.

இன்னொரு சீல்!

மைப்பெட்டிதான் லாச்சிக்குள்ளே ஆயிற்றே, என்ன செய்யப்போகிறார் என்று நான் கழுத்தை நீட்டினேன். சீலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் "ஹா" என்று ஊதினார். இரண்டு தடவை. பிறகு குத்தினார். மணியாக விழுந்தது. எல்லாமாக நான்கு நிமிடம்.

நான் போய்க் கேட்டேன். "தம்பி, அந்தச் சீல்?"

"அது அவசரத்துக்கு அண்ணை."

"அம்மா உயிரோடை இருக்கிறது அவசரமில்லையோ?"

"நாளைக்கும் இருப்பாதானே அண்ணை."

கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகச் சொன்னார். வாழ்த்து என்று எடுப்பதா, வழக்குப் போடுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வெள்ளைச் சேட்டு யார் என்று விசாரித்தேன். எம்.பி. இல்லை. பிரதேச சபை உறுப்பினர்கூட இல்லை. ஒரு கோயிலுக்குத் தலைவராம், ஏதோ சங்கத்துக்குப் பொருளாளராம், கனடாவில் தமையனாம், சேருடைய மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை இடைவெளியில் மண்டபம் பிடித்துக் கொடுத்தவராம். முற்றத்து மாமரம் யாருடையது என்று அயலுக்குத் தெரிகிற மாதிரி, இதெல்லாம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் புதினம்.

இனிச் சொல்லப்போவதற்கு நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். வெளியே வந்து மச்சானுக்குக் கோல் எடுத்தேன். மச்சானுடைய மனைவியின் தமையன் அந்தச் சேரோடு ஒன்றாகப் படித்தவர். 12.25க்குத் தம்பியின் போன் அடித்தது. என்னைப் பார்த்துக்கொண்டே "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். வைத்துவிட்டு, உண்மையான மனவருத்தத்தோடு கேட்டார்: "ஏன் அண்ணை இதை முதலே சொல்லேல்லை?"

பிஸ்கட் ரின் வந்தது. ஹா. ஹா. டக்.

கடிதத்தோடு திரும்பினால் வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைச் சேட்டை நான் என்ன கண்ணால் பார்த்தேனோ அதே கண். முன்னுக்கு ஒரு வயதான அம்மா, எங்களுக்கும் முதல் வந்தவர், கையில் எங்களுடையதைப் போலவே ஒரு கடிதம். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன்னுடைய பையை இழுத்து ஒதுக்கி எனக்கு வழி விட்டார். "இந்த அம்மாவுக்கும் குத்திவிடுங்கோ தம்பி" என்று சொல்ல நாக்கு எழும்பியது. ரின் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளன் மாதிரி வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாசித்தார். ரீச்சர் அல்லவா, பிழை பிடிக்காமல் விடமாட்டார்.

"தம்பி, இண்டைக்குத் திங்கள்தானே?"

"ஓம்."

"சீலிலை வெள்ளிக்கிழமைத் திகதி கிடக்கு."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான். திகதியை ஒருவரும் மாற்றவில்லை. நான் தலையில் கையை வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை மட்டும் நான் உயிரோடைதான் இருந்திருக்கிறன். அதுக்குப் பிறகு அவைக்குத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்போதுதான் உழுந்து வடை வந்தது. இதையும் கட்டாயம் எழுதவேண்டும். இந்த வடையின் ஓட்டை எப்போது இவ்வளவு பெரிதானது? பெருவிரலை விட்டால் சுற்றிவர இடம் மிச்சம் இருக்கிறது. விலையைக் கூட்டினீர்கள், பேசாமல் இருந்தோம். ஓட்டையையும் கூட்டினால்? பசி வேறு. காசு மேசையில் இருந்த பொடியனைக் கூப்பிட்டு, வடையைத் தூக்கி ஓட்டைக்குள்ளால் அவனைப் பார்த்து, என்னடாப்பா இது என்று கேட்டேன்.

"முதலாளி வரட்டும் அண்ணை" என்றான்.