லேப்டாப் தூங்கினால் ப்ராஜெக்டும் தூங்கும்

"ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரை நம்ம கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கலாமா? எது நல்லது?" என்று அவ்வப்போது யாராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று ஒரு குழு குறித்து வைக்கும் சாஃப்ட்வேர் அது. தாராளமாகப் போடலாம். ஆனால் எது நல்லது என்பதற்கு நான் சொல்லும் பதில் கேட்பவர்களுக்குப் பிடிப்பதில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறீர்களோ, அதைவிட இரண்டு படி சின்னதாக ஒன்றைப் போடுங்கள் என்பேன்.

பட்டுத் தெளிந்ததால் சொல்கிறேன். மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை எங்களுடையது. சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒரு சேவை, தலைக்கு இவ்வளவு என்று கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. அந்த எரிச்சலில் ஒரு சனிக்கிழமை ஓப்பன்ப்ராஜெக்ட் என்ற சாஃப்ட்வேரைப் போட உட்கார்ந்தேன். 2006-இல் வந்த ரெட்மைன் என்ற இதே வகை சாஃப்ட்வேரின் வம்சம் அது. நடுவில் சில்லிப்ராஜெக்ட் என்று ஒரு தலைமுறை உண்டு. கான்ட் சார்ட் (வேலைகளைக் காலக்கோட்டில் காட்டும் படம்), விக்கி (குழுவே எழுதித் திருத்தும் குறிப்புப் பக்கங்கள்), நேரக் கணக்கு, பட்ஜெட் என்று எல்லாம் இருந்தது. எங்களுக்கு அதில் எது தேவை என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

என் லேப்டாப்பில் விண்டோஸ். ஓப்பன்ப்ராஜெக்டை நேரடியாக நிறுவும் பேக்கேஜ் லினக்ஸுக்குத்தான், விண்டோஸில் போட டாக்கரே கதி. ஒரு சாஃப்ட்வேரை அதற்கு வேண்டியதோடு சேர்த்து, கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. சரி, ஒரு வரிக் கட்டளைதானே என்று ஓட்டினேன். பக்கம் திறக்கவே இல்லை. நான் எச்டிடிபி என்று அடித்தால் அது அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவிப் போய் நின்றது. எச்டிடிபிஎஸ் வேண்டாம் என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுக்கும் அட்மின், அட்மின் என்று அடித்து உள்ளே போனபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை மறுக்க மாட்டேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே முகவரியைக் காப்பி செய்து கூட வேலை செய்பவருக்கு அனுப்பினேன். "ஒண்ணுமே வரலையே" என்றார். நான் அனுப்பியது லோக்கல்ஹோஸ்ட் 8080. அவர் கிளிக் செய்தால் அது அவருடைய கணினியில்தானே தேடும்! தலையில் அடித்துக்கொண்டு எங்கள் நெட்வொர்க்கில் என் லேப்டாப்புக்கு இருந்த, 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தேன். ஹோஸ்ட் நேம், அதாவது தனக்குச் சொல்லி வைத்த முகவரி, பொருந்தவில்லை என்று ஓப்பன்ப்ராஜெக்ட் வேறு கோபித்துக்கொண்டது. அதையும் சரிசெய்தேன். இரண்டு நாள் கழித்து ரவுட்டர் என் லேப்டாப்புக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிட, மறுபடி முதலிலிருந்து.

ரேம் கதை தனி. ஓப்பன்ப்ராஜெக்ட் குறைந்தது 4 ஜிபி கேட்கும். விண்டோஸில் டாக்கர் ஓடுவது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள். நாமாக வரம்பு வைக்காவிட்டால் அது இருக்கும் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். என்னிடம் இருந்ததே 8 ஜிபி. மீதிப் பாதியில் விண்டோஸும் பிரவுசரும் அடித்துக்கொண்டன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முதல் நாள் சோதனைக்காக, நிறுத்தியதும் கன்டெய்னரை அழித்துவிடு என்ற விருப்பத்தையும் கட்டளையில் சேர்த்திருந்தேன். கன்டெய்னர் அழிந்தாலும் தகவல் தங்கும் தனிச் சேமிப்பிடமான வால்யூம் எதையும் பெயர் வைத்து இணைக்கவில்லை. சோதனை நன்றாகப் போனதும் அதிலேயே நிஜ வேலைகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து ஏதோ அப்டேட்டுக்காக லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். நாற்பது டாஸ்க், அவற்றின் கீழே நடந்த பேச்சு, இணைத்த ஃபைல்கள் என்று எதுவும் மிஞ்சவில்லை. சாஃப்ட்வேரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழி என்று சொன்னவன் நான்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். டேட்டாபேஸுக்கு ஒரு வால்யூம், இணைப்பு ஃபைல்களுக்கு ஒன்று. பேக்கப் எடுத்ததோடு விடாமல், வேறொரு கன்டெய்னரில் அதை மீட்டும் பார்த்தேன். நிஜ டாஸ்க் ஒன்றைக்கூட ஏற்றும் முன் இதைச் செய்யாதவர்கள் இன்ஸ்டால் செய்து முடித்ததாக நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்படியும் ஒன்று மட்டும் சரியாகவில்லை. நான் லேப்டாப்பை மூடினால் மற்ற இரண்டு பேருக்கும் டாஸ்க் பக்கமே திறக்காது. தூங்கவிடாமல் செட்டிங்கை மாற்றினால் இரவெல்லாம் ஃபேன் ஓடுகிறது. எப்போதும் விழித்திருக்க வேண்டிய ஒன்றை, அடிக்கடி மூடி வைக்கும் பெட்டிக்குள் வைத்தால் வேறென்ன ஆகும்?

இப்போது நாங்கள் பயன்படுத்துவது கான்போர்ட் என்ற சின்ன சாஃப்ட்வேர். பிஎச்பி மொழியில் எழுதியது, ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டிலேயே ஓடும். டேட்டாபேஸும் இணைப்புகளும் ஒரே ஃபோல்டரில் அடக்கம். நிறுத்திவிட்டு அந்த ஃபோல்டரைக் காப்பி செய்தால் பேக்கப் முடிந்தது. புதிதாகப் பெரிய வசதி எதுவும் வராது, பராமரிப்பு மட்டும்தான் என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இதிலும் அட்மின், அட்மின்தான். மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது என்பதால் நீங்களாகவே முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

"கத்துக்கலாமே, அதில் என்ன தப்பு?" என்று ஒரு நண்பர் கேட்டார். தப்பே இல்லை. டாக்கர், நெட்வொர்க் போர்ட் (முகவரியில் வந்த 8080 போன்ற எண்), வால்யூம் எல்லாம் எனக்கு உருப்படியாகப் புரிந்தது அந்தச் சனிக்கிழமைதான். ஆனால் கற்பதற்குப் போட்டதை அன்றே வேலைக்கு இழுத்துவிடாதீர்கள். இருபது பேர், கான்ட் சார்ட் இல்லாமல் நகராத வேலை என்றால் ஓப்பன்ப்ராஜெக்ட் சரிதான். அதற்கென்று தனியாக ஒரு மெஷினை ஒதுக்கி, உபுண்டு லினக்ஸ் போட்டு, அதன்மேல் ஏற்றுங்கள்.

நான் செய்ததும் கடைசியில் அதுதான், சின்ன அளவில். ஒரு பழைய லேப்டாப்பை அழித்து லினக்ஸ் போட்டு, ரவுட்டரில் அதற்கு நிலையான முகவரி கொடுத்து, மூடினாலும் தூங்காதபடி செய்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மூடியின் மேல் "அணைக்காதே" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.