எப்டி இருக்குன்னு கேட்டது ஒரு குத்தமா

புதுசா ரெக்கார்ட் பண்ண பாட்டோட ரஃப் மிக்ஸ, அதான் குரலும் வாத்தியமும் சேத்த மொத டிராஃப்ட, ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பி, மச்சி உண்மைய சொல்லுன்னு கேட்டா அடுத்த செகண்டே ஒரு ஃபயர் எமோஜி வருது, டேய் பாட்டே நாலு நிமிஷம்டா, எப்போ கேட்ட நீ?

இன்னொருத்தன் பேஸ், அதான் அந்த கனமான அடி சத்தம், பத்தலங்கிறான். எதுல கேட்டன்னா ஃபோன் ஸ்பீக்கராம், அதுவும் பஸ்ல. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ் கிட்ட, அவ்ளோ கீழ் சுருதில பேசும், அந்த சுண்டைக்கா ஸ்பீக்கர்ல அது எங்கருந்து வரும்? இவன் பேச்ச நம்பி எங்க பேஸிஸ்ட் வேற ஏத்தியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் (அவனுக்கு இது போதும்), ஏத்துனா கார்ல போடறப்ப கதவெல்லாம் அதிருது, பாடறவன் குரல் அமுங்கிடுது.

அப்புறம் "நல்லாருக்கு, ஆனா ஏதோ மிஸ்ஸிங்" கோஷ்டி. என்னடா மிஸ்ஸிங்? "தெரில ப்ரோ, ஒரு ஃபீல்."

உருப்படியா சொன்னது எங்க அத்தை மட்டும்தான். "ரெண்டாவது சரணத்துல ஒரு வார்த்த புரியலடா, கிட்டாரு முழுங்கிடுச்சு." போய்ப் பாத்தா நெசந்தான், கிட்டார கொஞ்சம் எறக்குனதும் வரி பளிச்சுனு கேக்குது. எந்த எடத்துல என்ன கேக்கல, இவ்ளோதாங்க வேணும், இதுக்கு மியூசிக் தெரியணும்னு கூட அவசியமில்ல. அடுத்த மிக்ஸ் நேரா அத்தைக்குதான்.