அது அவசரக் கலியாணம் இல்லை, மாமா

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். அம்மா அப்பாவின் முப்பதாவது கலியாண நாள். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த 1995இல் கட்டினவர்கள். கேக் வெட்டி முடியவில்லை, மாமா மைக்கைப் பிடித்துவிட்டார். "செல்லடிக்க நடந்த அவசரக் கலியாணம். நாடு ஒழுங்கா இருந்திருந்தா கோயில் விட்டிருக்குமோ?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது அவசரக் கலியாணம் இல்லை. அம்மா கத்தோலிக்கம், அப்பா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புரட்டஸ்தாந்து. ஆயரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று அம்மா வாக்குக் கொடுத்து, மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கலியாண அறிவித்தல்) வாசித்து நடந்தது. 1995 ஜூலை 9 நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த சனம் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள்ளும் சைக்கிள் மிதித்து ஒவ்வொரு கடுதாசியாக வாங்கினார் அப்பா. அவசரப்பட்டவன் செய்கிற வேலையா இது?

மாமா பகிடிக்குத்தானே சொன்னவர் என்பீர்கள். சரி. கலியாணத்தன்று தான் எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துப் பகிடி விட்டிருக்கலாமே? சளித் தடிமன் என்று சொல்லியனுப்பினாராம். குண்டு போடும் பொம்பருக்குப் பயம் என்றிருந்தால்கூட நம்பியிருப்போம்.

சபை மாறாமல் அந்தக் காலத்தில் விடமாட்டார்கள் என்று இன்னொருவர் போனில் பாடம் எடுத்தார். எந்தக் காலத்தில்? ஆறாம் பவுல் பாப்பரசர் 1970இலேயே விதியைத் தளர்த்திவிட்டார். வாக்குக் கொடுக்க வேண்டியது கத்தோலிக்கத் தரப்பு மட்டும். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும். சண்டை ஒன்றையும் இளக்கித் தரவில்லை. பெட்ரோலைத்தான் இல்லாமல் செய்தது. நாலு துளி பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் காரில் அம்மா கோயிலுக்குப் போனார். கூறைச்சேலையில் அந்த மணம் இன்னும் இருக்கிறது என்பார். மணந்து பார்த்தேன், எனக்குப் பூச்சி உருண்டைதான் மணக்கிறது.

அதே வருடம் அக்டோபர் 30, யாழ்ப்பாணமே ஊரைவிட்டுக் கிளம்பிய இடம்பெயர்வில் அம்மா சொப்பின் பையில் சுற்றி எடுத்துப்போனது கலியாணப் பத்திரத்தையும் ஒரு சோடி உடுப்பையும். அவசரக் கலியாணமாம்!

அப்பா வழி மச்சாள் கேட்டாள், பிள்ளைகள் மூன்றும் கத்தோலிக்கம், அப்ப உங்கட அப்பாவுக்கு என்ன மிஞ்சினது என்று. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

வேறு கதையும் இல்லைத்தான். முப்பது வருடமாக அப்பா ஞாயிறு தவறாமல் எங்களோடு வந்து கடைசி வாங்கில் இருப்பார். நன்மை (நற்கருணை) வாங்கச் சனம் எழும்பும்போது, தான் எழும்பாமல், வழிவிட முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். சின்ன வயதில் அப்பாவுக்குக் கால் நோவு என்று நினைத்திருந்தேன். மாமா முன் வாங்கில் இருப்பவர். அவருக்கு இது தெரிய நியாயமில்லை.

மண்டபத்திலிருந்து திரும்பும்போது காரில் யாரும் கதைக்கவில்லை. பாதி வழியில் அப்பாதான் கேட்டார், "மாமாவுக்குக் கேக் கட்டிக் குடுத்தனியளோ?"