ராக் பீச்சாம், ராக் பீச்!

சனிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போனவனை மறித்து, வெளியூர் கார்க்காரர் ஒருவர் "பிரதர், ராக் பீச்சுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். வழி சொல்லிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

புதுச்சேரிக் கரையில் ஏதய்யா பாறை? அங்கே குவிந்து கிடப்பதெல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல். மணல் போய்விட்டது, ரோடாவது மிஞ்சட்டும் என்று கொடுத்த முட்டு. பல் கொட்டிப்போன பாட்டிக்குப் பல்செட் மாட்டிவிட்டு, அந்தப் பல்செட்டைப் பார்க்க ஊரைக் கூட்டுவது மாதிரி இருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், உள்ளூர்ப் பிள்ளைகளே இப்போது ராக் பீச் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது கல்லைத்தானே.

நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் கடற்கரைச் சாலையிலிருந்து குதித்தால் மணல்தான். இருட்டும்வரை கபடி ஆடிவிட்டு, பை நிறைய மணலோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வோம். குருசுக்குப்பம் பக்கம் கரைவலை இழுப்பார்கள், இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நிற்க, நாங்களும் வாலில் தொற்றிக்கொண்டு இழுப்பதுபோல நடிப்போம், கடைசியில் கை நிறைய நெத்திலி கிடைக்கும். இன்றைக்கு அந்த வலையை இழுக்க எங்கே கால் ஊன்றுவது, கல் இடுக்கிலா?

கேட்டால் 'கடல் அரித்துவிட்டது' என்கிறார்கள். கடலின் மேல் பழி போட்டால் அது வந்து பதில் சொல்லவா போகிறது! நம் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்காது, வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டுகிறோம் என்று கடலுக்குள் கல்லை நீட்டினார்கள். அவ்வளவுதான், மணல் தெற்கே முட்டி நின்றுவிட்டது, வடக்கே ஊர் பட்டினி. தெற்கே சேர்வதை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம், அதைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை. விசைப்படகுகளுக்குத் துறைமுகம் உதவுகிறது, சரி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றதை இந்தக் கண்ணால் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் நம் வாசலில் கல்லைப் போட்டோம், கடல் பக்கத்து வீட்டுக்குப் போனது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாக வீட்டையும் தென்னையையும் அலைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அங்கேயும் கல். அதற்கும் வடக்கே அடுத்த குப்பம்.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அலையின் வேகத்தைத் தணிக்கக் கடலுக்குள் இரும்பில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் நிஜமாகவே திரும்பி வந்தது! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி அதில் நடந்தேன். சந்தோஷம் பத்து நிமிஷம், அப்புறம் கோபம்தான் வந்தது. வழி இருக்கிறதுதானே? அப்படியானால் முப்பது வருஷமாக எதற்காகக் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தீர்கள்?

பழைய பாண்டி, பழைய பாண்டி என்று உருகுகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் சுவரும் பிரெஞ்சுப் பெயர்ப்பலகையும்தான் பழசு. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலம் இடிந்து விழுந்தபோது எத்தனை பேர் போட்டோ போட்டு அழுதார்கள்! அழட்டும், எனக்கும்தான் மனசு கேட்கவில்லை. ஆனால் ஒரு ஊரின் மணல் மொத்தமும் போனதற்கு ஒரு போட்டோ கிடையாது. வாரக்கடைசியில் வந்து, எங்கள் தெருவை வண்டியால் அடைத்து, அந்தக் கருங்கல்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்து, பிளாஸ்டிக் கப்பை இடுக்கில் சொருகிவிட்டுப் போகிறார்கள்.

இனிமேல் எவராவது பாண்டி பீச்சுக்கு வழி கேட்டால், நேராகத் தெற்கே போய்த் துறைமுகத்தைத் தாண்டிப் பாருங்கள் என்று சொல்லப்போகிறேன். எங்கள் மணல் அங்கேதான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.