தனிமனிதனுக்கும் அங்கே இடம் உண்டு
'ஆப்பிரிக்கச் சிந்தனையில் தனிமனிதனுக்கென்று மதிப்பில்லை, சமூகம் கொடுப்பதுதான் எல்லாம்' என்று ஆப்பிரிக்கத் தத்துவம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடிவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நைஜீரியத் தத்துவ அறிஞர் இஃபியானி மென்கிட்டி 1984இல் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்: முழு மனிதத்தன்மை பிறப்பிலேயே வந்துவிடாது, சமூகத்துக்குள் கடமைகளைச் செய்து செய்துதான் அதை அடைய வேண்டும் என்றார். சரி, ஆனால் கானாவின் தத்துவ அறிஞர் குவாமே ஜெச்சே இதை நேரடியாகவே மறுத்தாரே! அவர் காட்டிய, கானாவின் அக்கான் மக்களுடைய பழமொழி ஒன்று: குலம் மரக்கூட்டம் போன்றது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டிக்கொண்டு தெரியும், கிட்டே போனால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்கும். உறவுகளுக்குள் பிறந்தாலும் நல்லது கெட்டதை எடைபோடும் அறிவு மனிதனுக்கு உண்டு, ஊர் வழக்கத்தையே கேள்வி கேட்கவும் அவனால் முடியும் என்றார் ஜெச்சே. கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.